ஸ்டிக்கருக்கு வைத்த பொட்டு

ஓய்வு பெற்ற போலீஸ்காரனுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் இருக்கும். பழைய வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நம் மேல் புகார் கொடுத்திருப்பார். மார்கழிக் கடைசியில் எனக்கு வந்த போன் இந்த இரண்டிலும் சேராது.

"ஐயா, இன்ஸ்பெக்டர் பேசறேனுங்க," என்றது ஒரு பெண் குரல். நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருப்பவர். "தைப்பூசம் வருதுங்களே. பழனிக்கு நடக்கறவங்களுக்கு, ராத்திரியில வண்டிக்காரங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி ஸ்டிக்கர் குடுக்கணுமுங்க. போன வருஷம் வெறும் செவப்பு ஸ்டிக்கர் குடுத்தோம், பாதிப்பேரு தொடவே இல்லீங்க. இந்த வருஷம் தேங்காய் நார் மில்லுக்காரர் ஒருத்தரு, வேல் படம் போட்டு அடிச்சுத் தர்றேன், அடிச்சுப் புடிச்சு வாங்குவாங்கன்னு சொல்றாரு. இங்க ஏட்டய்யா என்னடான்னா, வேல் மட்டும் வேண்டாமுங்க மேடம், எதுக்கும் ரங்கசாமி ஐயாவைக் கேட்டுப்போட்டு செய்யுங்கன்னு சொல்றாரு. வேல் போடலாமுங்களா, வேண்டாமுங்களா?"

ஆமாம் அல்லது இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேனுங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சும்மா யோசிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் இந்த வருஷம் என் மனைவி கமலமும் பழனிக்கு நடக்கிறாள். என்ன வேண்டுதல் என்று என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், "உங்களைப் பத்தித்தானுங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். அதே ரோட்டில், அதே இருட்டில், என் வீட்டு ஆளே நடக்கப் போகும்போது வேல் வேண்டுமா வேண்டாமா என்பது எனக்கு அரசாங்கக் கேள்வியாக இல்லை.

நான் போலீஸில் சேர்ந்த கதையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். கயிறு ஏறச் சொன்னார்கள், ஏறினேன். பிறகு கோவை சிக்னல்களில் சில வருஷம் கை காட்டினேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் காய்கறி லாரிகளோடு மல்லுக்கு நின்றேன். கடைசிப் பகுதி முழுக்கப் பொள்ளாச்சி தாண்டி உடுமலை போகிற சாலையில். அங்கேதான் தைப்பூசம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமுன் என்னைப் பொறுத்தவரை அது காலண்டரில் அச்சடித்த ஒரு விசேஷ நாள்.

கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து கூட்டமாக வருவார்கள். பச்சை வேட்டி, பச்சைப் புடவை, தோளில் காவடி, கையில் கொடி. பகலில் தார் சுடும் என்பதால் வெயில் தாழ்ந்து கிளம்பி இரவெல்லாம் நடப்பார்கள். காலில் செருப்பு கிடையாது. ரோட்டோர மண்ணில் ஜல்லியும் நெருஞ்சியும் உடைந்த பாட்டிலும் கிடக்கும். அதனால் எல்லாக் கால்களும் தானாகப் போய்ச் சேருகிற இடம், தாரின் ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக்கோடு. பெயிண்ட் அடித்த இடம் வழுவழுவென்று இருக்கும். கொப்புளம் வெடித்த காலுக்கு அது ஜமக்காளம். ஆனால் அந்தக் கோடு வரைக்கும் தன் சொத்து என்றுதான் டிரைவர் நினைப்பான். அதில் நடக்காதீர்கள் என்று மைக்கில் கத்துவோம். "சரிங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டு அதிலேயே நடப்பார்கள்.

பச்சை நிறம் பகலில் எவ்வளவு கண்ணுக்குக் குளிர்ச்சியோ, இருட்டில் அவ்வளவும் கறுப்புதான். அதற்குத்தான் ஸ்டிக்கர். துணியில் ஒட்டினால் பனியில் உரிந்துவிடுகிறது என்று, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணிப்பட்டையில் தைத்து, ஊக்கு வைத்து முதுகில் குத்திவிடும்படி செய்திருந்தார்கள். ஊக்கு குத்தினாலும் எங்கள் வாயில் அது ஸ்டிக்கர்தான். ஆரம்பத்தில் வந்தது வெறும் சிவப்பு வட்டம். டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தி, திரும்பச் சொல்லி, இரண்டு தோளுக்கும் நடுவில், காவடித் துணி மறைக்காத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். குத்தியபிறகு நாலடி தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பளிச்சென்று திருப்பி அடித்தால் அனுப்பலாம்.

அதை வாங்க மாட்டார்கள். "மாட்டு வண்டிக்குப் பின்னால ஒட்டறதை என்ற முதுகுல ஒட்டறீங்களே, நானென்ன பாரமா ஏத்திட்டுப் போறேன்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். சண்டை போடாதவர்கள் பணிவாகக் குத்திக்கொண்டு போய், அடுத்த வளைவில் கழற்றிப் போடுவார்கள். விரதம் இருந்து, மாலை போட்டு, சாமியாக நடக்கிறவருக்குப் போலீஸ் குத்திய சிவப்பு வட்டம் உறுத்தத்தான் செய்யும். அதுவும் புரிந்தது. லாரியையும் நினைத்தால் பகீரென்றது.

அப்போது எங்களுக்கு இன்ஸ்பெக்டர் சந்திரசேகரன். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். எங்கள் ஊர் 'ங்க' அவருக்குக் கடைசிவரை வரவில்லை, ஆனால் மரியாதையில் எங்களைத் தோற்கடித்துவிடுவார். சட்டைப்பையில் பேனாவோடு ஒரு பென்சிலும் இருக்கும். எந்த வழக்கானாலும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். சம்பவம் நடந்த இடத்தை, அது நடந்த அதே வெளிச்சத்தில் தானே போய்ப் பார்க்கும்வரை பேனா மூடி திறக்காது. பட்டப்பகலில் போய் இருட்டில் நடந்த விபத்தைப் பார்த்துவிட்டு வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அது வீண் வேலையாகத் தெரியும். "என்ன ரங்கசாமி, கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் பாத்தீங்களா?" என்பார். திட்டுகிறாரா, சந்தேகம் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் பொதுவாக "ஆமாங்க சார்" என்று சொல்லிவைப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் நின்றிருந்தோம். பக்தர் ஒருவர் முதுகிலிருந்த ஸ்டிக்கரைக் கழற்றிச் சாக்கடையில் போட்டார். அதே ஆள், கீழே விழுந்த ஒரு சின்ன முருகன் படத்தை எடுத்துத் துடைத்துக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டார். சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிற்று. பிறகு பென்சிலை எடுத்து, டீக்கடைப் பேப்பரில் ஒரு வேல் வரைந்தார்.

அந்த வருஷம் வேல் ஸ்டிக்கர் வந்தது. சிவப்புக்குப் பதில் வெள்ளி நிறத்தில், வட்டத்தை நிறைத்துக்கொண்டு ஒரு வேல். அதுதான் ஒளிரும் பகுதி. சுற்றி வெறும் பச்சை. நம்பமாட்டீர்கள், வரிசையில் நின்று வாங்கினார்கள். முன்பு சண்டைக்கு வந்த அதே பெரியவர் வீட்டுக்கும் ஒன்று கேட்டார். டார்ச் அடித்தால் இருட்டில் வேல் வேலாக நகர்ந்து போகும். எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மேலிடத்தில் எல்லாம் சாரைப் பாராட்டினார்கள். அவர் சிரித்ததை அப்போதுதான் நான் முதலில் பார்த்தேன்.

சரஸ்வதியின் கால் உடைந்தது அந்தத் தைப்பூசத்துக்குத்தான்.

சிங்காநல்லூர்ப் பக்கம் வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிற அம்மா அவர். கூட்டத்தோடு வந்தவர், விடிவதற்குச் சற்று முன்னால், பனி இறங்கியிருந்த நேரத்தில், வெள்ளைக்கோட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த டெம்போ தட்டிவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டாகப் போயிற்று. டெம்போவில் உடுமலை மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளி. ஓட்டியது நடராஜ் என்ற பையன். பையன் என்றால் அப்போதுதான் கல்யாணமானவன். தப்பி ஓடவில்லை. கூட்டம் அடித்த அடியை வாங்கிக்கொண்டே தக்காளிப் பெட்டிகளை ரோட்டில் இறக்கி, அந்த அம்மாவை ஏற்றி, தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது அவன் சட்டை முழுக்கச் சிவப்பு. எது தக்காளி, எது ரத்தம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"பாக்கலீங்க சார். சத்தியமா ஒண்ணுமே தெரியலீங்க. ரோடு வெறிச்சுனு இருந்துச்சு. திடீர்னு ஒரு புடவைதானுங்க தெரிஞ்சுது," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

கூட்டத்தை நடத்தி வந்த குருசாமி, பொன்னுசாமி என்று பெயர், கோவை மார்க்கெட்டில் வெற்றிலை வியாபாரி, எதிரே நின்று கொதித்தார். "முதுகுல வேல் மின்னிட்டிருக்குது, தெரியலைங்கறான் பாருங்க! தூங்கிப்போட்டானுங்க சார். முன்னாடி நாலு பேரு, பின்னாடி மூணு பேரு, எல்லாத்து முதுகுலயும் ஸ்டிக்கர். கண்ணு முழிச்சிருந்தா தெரியாம எப்படிப் போகும்?"

அவர் கையில் சரஸ்வதியின் மேல்துண்டு இருந்தது. ஸ்டிக்கர் அதில் குத்தியபடி இருந்தது. சார் அதை வாங்கினார். ஸ்டேஷன் விளக்குகளை அணைக்கச் சொன்னார். துண்டை நாற்காலி முதுகில் போட்டு, என்னை வாசல்வரை போய் டார்ச் அடிக்கச் சொன்னார். அடித்தேன். வேல் தகதகவென்று மின்னியது. குருசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விளக்கு வந்தபோது நடராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான். "அப்ப நான் தூங்கிப்போட்டேனுங்களா சார்?" என்று என்னைக் கேட்டான். பொய் சொல்கிறவன் இப்படிக் கேட்கமாட்டான். ஆனால் துண்டு மின்னுகிறதே. வண்டி ஓட்டும்போது தூங்கிவிட்டான் என்று முடிவானால் லைசன்ஸ் போகும், ஜெயிலும் வரலாம். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அவன் மனைவி வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். உள்ளே வரக் கூச்சம், வெளியே நிற்கப் பயம். சார் பென்சிலில் எழுதினார்: டிரைவர் கண் அயர்ந்திருக்கலாம். நடராஜை ஜாமீனில் அனுப்பினோம்.

அன்று சாயங்காலம் எனக்கு அன்னதானப் பந்தலில் பந்தோபஸ்து. விபத்து நடந்த இடத்துக்கு முந்தைய பந்தல். சரஸ்வதியின் கூட்டம் கடைசியாகச் சாப்பிட்டது அங்கேதான். தக்காளி சாதமும் மோரும் போய்க்கொண்டிருந்தன. நுழைகிற இடத்தில் ஒரு அம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தாலே அப்படித்தான் வரவேற்பார்கள், சாமிகளை விடுவார்களா? ஒவ்வொருவர் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது. "திரும்புங்க சாமி."

சாமி திரும்பினார். அந்த அம்மா கட்டைவிரலில் சந்தனத்தை வழித்து, முதுகில் இருந்த வேலின் முனையிலிருந்து அடிவரை அழகாகப் பூசினார். நடுவில் குங்குமம் வைத்தார். கையைத் துடைத்து ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த சாமி. அடுத்த சாமி.

"ஏனுங்க அம்மணி, இது எதுக்குங்க?" என்றேன்.

"இதென்னங்க கேள்வி? வேலுக்கு வெக்காம ஆளுக்கு மட்டும் வெக்க முடியுமுங்களா?" என்றார்.

சாப்பிட்டுவிட்டு அந்தக் கூட்டம் இருட்டுக்குள் இறங்கியது. நான் பின்னாலேயே போய் டார்ச் அடித்தேன். கொலுசு போட்ட ஒரு குழந்தையின் காலில் வெள்ளி மின்னியது. மற்றபடி ஒன்றுமே இல்லை. கூட்டமே இல்லாத மாதிரி இருட்டு, அதற்குள் "அரோகரா" என்ற சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

ஆனால் குழப்பம் இன்னும் தீரவில்லை. சந்தனம் வைத்திருந்தால் சரஸ்வதியின் ஸ்டிக்கர் ஸ்டேஷனில் எப்படி மின்னியது? குருசாமிக்குப் போன் போட்டேன். "துண்டைச் சாருகிட்டக் குடுக்கறதுக்கு முந்தி ஏதாவது செஞ்சீங்களா?"

"என்ன செய்யறது? ரத்தமா இருந்துச்சுங்க. வேல் இருக்கறதை அந்தக் கோலத்துல எப்படீங்க ஸ்டேஷனுக்குக் கொண்டுவர்றது? ஆஸ்பத்திரிக் கொழாயில அலசிப்போட்டுத்தான் கொண்டாந்தேன்."

வேல் என்பதால் சந்தனம் பூசினார்கள். வேல் என்பதால் கழுவினார்கள், ரத்தத்தோடு சந்தனமும் போயிற்று. நடராஜ் பொய் சொல்லவில்லை, குருசாமியும் பொய் சொல்லவில்லை. நான் அடித்த டார்ச்சும் பொய் சொல்லவில்லை. இத்தனை உண்மையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. இதில் இன்னொன்று: நடராஜைக் காப்பாற்ற வேண்டுமென்றால், வேல் போட்டதால்தான் இருட்டானது என்று எழுத வேண்டும். வேல் வரைந்தது சாரின் பென்சில்.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். சார் குறுக்கே பேசாமல் கேட்டார். "சந்தனம் கிடைக்குமா?" என்றார். அவ்வளவுதான்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அதற்குள் கொப்பரை காயவைக்கிற நீளமான களம். விபத்து நடந்த அதே விடிகாலைப் பனி நேரத்துக்கு நடராஜை வரச் சொல்லி, டெம்போவைக் களத்தின் ஒரு முனையில் நிறுத்தச் சொன்னார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். சரஸ்வதியின் கூட்டத்தில் கட்டியிருந்தது மாதிரியான ஒரு பச்சைப் புடவையைப் பந்தல்காரர்களிடம் வாங்கி, யூனிஃபார்ம் மேல் போர்த்திக்கொண்டார். முதுகில் ஸ்டிக்கர் குத்தி, அந்த அம்மா பூசின மாதிரியே சந்தனம் பூசச் சொன்னார். இன்ஸ்பெக்டர் முதுகில் சந்தனம் பூசுகிற வேலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

"நான் அந்தக் கடைசியிலிருந்து பின்பக்கமாவே நடந்து வரேன். என் முதுகு தெரிஞ்சதும் ஹாரன் அடி," என்று நடராஜிடம் சொல்லிவிட்டு இருட்டுக்குள் போனார்.

நான் டெம்போவில் நடராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஆள் இல்லை. தென்னை மரங்கள் தெரிந்தன, களத்தின் சிமெண்டு தெரிந்தது, ஆள் மட்டும் இல்லை. "எங்கீங்க சார்?" என்றான் நடராஜ். "தெரியலப்பா," என்றேன். சட்டென்று பம்பருக்கு முன்னால், நாலைந்து அடி தூரத்தில், ஒரு புடவை. நடராஜ் ஹாரனை அழுத்தினான், எடுக்கவே இல்லை. அழுத்திக்கொண்டே அழுதான்.

சார் திரும்பி வந்து கைக்குட்டையை நனைத்து என்னிடம் கொடுத்தார். "துடைங்க." துடைத்தேன். மறுபடியும் அதே முனைக்குப் போனார். இந்தத் தடவை அவர் திரும்பி முதுகு காட்டிய உடனே வேல் மின்னியது. ஹாரனும் உடனே அடித்தது.

ஸ்டேஷனுக்குள் வந்து ரப்பரை எடுத்து 'கண் அயர்ந்திருக்கலாம்' என்பதை அழித்தார். பேனாவைத் திறந்து ஒன்றுவிடாமல் எழுதினார்: ஸ்டிக்கர் எங்களால் கொடுக்கப்பட்டது, படத்தைத் தேர்ந்தெடுத்தது நான், சந்தனம் பூசினால் ஒளி திரும்புவதில்லை என்பதை நேரில் பார்த்தேன். கையெழுத்துப் போடுமுன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லதுதானே செஞ்சோம், ரங்கசாமி?" இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறார் என்று தெரிந்தது. "ஆமாங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

நடராஜின் லைசன்ஸ் பிழைத்தது. சாருக்கு அந்த வருஷமே மாறுதல் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது அந்தப் பென்சிலை என்னிடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை.

மறந்துவிட்டேனே, சரஸ்வதியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். நடந்ததை எல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "அப்ப பொட்டு வெச்சது தப்புங்களா?"

"தப்பில்லீங்க அம்மணி."

"ஸ்டிக்கர் தப்புங்களா?"

"அதுவும் இல்லீங்க."

"அந்த டிரைவர் தம்பி மேல?"

"அவரு மேலயும் இல்லீங்க."

"பொறவு என்ற காலு எப்படீங்க ஒடஞ்சுது?"

நான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

அடுத்த வருஷம் வேல் வேண்டாமென்று, பழையபடி சிவப்பு வட்டத்துக்கே போனோம். சந்தனம் யாரும் வைக்கவில்லை. ஸ்டிக்கரை யாரும் போட்டுக்கொள்ளவும் இல்லை. காலையில் ரோந்து போனால் மைல்கல் மேல் கிடக்கும், ஒரு கன்றுக்குட்டிக் கழுத்தில் தொங்கும். அந்தக் கன்றுக்குட்டி மட்டும் இரவில் வெகு தூரத்துக்குத் தெரிந்தது. வேல் போட்டால் மறைத்துவிடுகிறார்கள், போடாவிட்டால் எறிந்துவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவிலேயே நான் ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இப்போது புது இன்ஸ்பெக்டர் அம்மா, "பாத்துச் சொல்லுங்க ஐயா" என்று மாதிரிக்கு இரண்டையும் ஒரு கான்ஸ்டபிளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று வேல், ஒன்று வெறும் சிவப்பு. டீப்பாய் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். வேல் வேண்டாம், கமலத்துக்குச் சிவப்பையே குத்தி அனுப்புவது, அதையே மேடத்துக்கும் சொல்லிவிடுவது என்று ஒருவழியாக முடிவு செய்திருந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் டீப்பாயில் இரண்டையும் காணோம். சாமி அலமாரியில், விளக்குக்கு முன்னால் இருந்தன. வேலுக்குச் சந்தனம், குங்குமம். சரி. பக்கத்திலேயே வெறும் சிவப்பு வட்டம். அதற்கும் சந்தனம், குங்குமம்.

"கமலம்! இதுக்கு ஏன் வெச்சே? இதுல வேலே இல்லையே!"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊட்டுக்குப் புதுசா ஒண்ணு வந்தா வெக்க மாட்டமாங்க? நீங்க ஸ்கூட்டர் எடுத்தன்னிக்கு லைட்டு மேல பெருசா வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலைச் சுத்திட்டு வந்தீங்களே. அதுல எந்த வேலு இருந்துச்சு?"

இத்தனை வருஷமாக நான் கட்டி வைத்திருந்த நியாயம் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. வேல்தான் காரணம் என்று சாரும் பேனாவில் எழுதினார், நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியானால் சிவப்பு வட்டத்துக்குச் சந்தனம் வராமல் போனது அதில் வேல் இல்லாததாலா, அல்லது அதை யாரும் பந்தல் வரைக்கும் போட்டுக்கொண்டே போகாததாலா? நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னங்க, தலை வலியா?"

சொன்னேன். சரஸ்வதி, நடராஜ், களம், ஹாரன், எல்லாம். இத்தனை காலம் வீட்டில் சொல்லாத கதை. "நீ இதைக் குத்திட்டு நடந்தா எவன் கண்ணுக்கும் தெரியமாட்டே. எனக்குப் பயமா இருக்குது," என்றேன். பயம் என்று அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

கமலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இவ்வளவுதானுங்களா? தொடச்சுப்போடுங்க."

"சந்தனத்தையா? சாமிக்கு வெச்சதையா?"

"வெக்கறது வெச்சாச்சுங்களே. ஆயுத பூசைக்கு வெச்சதை மறுநாளு தொடைக்காமயா ஸ்கூட்டர் ஓட்டுனீங்க? வெக்காம இருந்தாத்தானுங்க குத்தம். வெச்சுப்போட்டுத் தொடைக்கறதுல என்னங்க இருக்குது?"

அவள் சொன்னது எனக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன். வேலே அடிக்கச் சொல்லுங்க, யார் எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் பூசட்டும், பந்தலிலிருந்து இருட்டுக்கு இறங்குகிற இடத்தில் ஈரத்துணியோடு ஒரு ஆளை மட்டும் நிறுத்துங்க என்றேன்.

"நல்ல யோசனைதானுங்க. ஆனா வேல் மேல வெச்ச சந்தனத்தைத் தொடைக்க எங்க ஆளுக ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்களே ஐயா. யாருங்க நிப்பாங்க?"

"நான் நிக்கறேனுங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"முதல்ல எனக்குத் தொடைங்க, எப்படிச் செய்யறீங்கன்னு பாக்கறேன்," என்றாள் கமலம். அன்று இருட்டியதும் வேல் ஸ்டிக்கரைத் துண்டில் குத்தித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். ஈரத்துணியை எடுத்தேன். அந்த முதுகில் ஏறப்போகிற இருட்டையெல்லாம் நினைத்துக்கொண்டு, வேலின் முனையிலிருந்து அடிவரை பதமாக வழித்துத் துடைத்தேன். கூடத்து விளக்கை அணைத்தேன். டார்ச் அடித்தேன். வேல் மின்னியது. நாலடி தள்ளிப் போய் அடித்தேன். வாசலுக்குப் போய் அடித்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே போய் அங்கிருந்து அடித்தேன். கூடத்தில் நிற்கிற என் மனைவி அங்கிருந்தும் தெரிந்தாள்.

திரும்பி வந்தபோது என் விரல்களில் சந்தனம் அப்பியிருந்தது. சாமி சந்தனத்தைச் சுவரில் தேய்க்க முடியாது, வேட்டியில் துடைக்க முடியாது. நெற்றியில் பூசிக்கொண்டேன். மிச்சத்தைக் கழுத்தில் பூசினேன். அதற்குமேல் இடமில்லை. பந்தலில் அத்தனை பேர் சந்தனத்தையும் எங்கே பூசிக்கொள்வது என்றுதான் இப்போது தெரியவில்லை.